பெட்டியில் என்ன குற்றம்?

தேனீ வளர்க்கப் போகிறேன் என்று மதுரைப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், முதலில் வந்து விழும் புத்திமதி இதுதான்: "என்ன வேணாலும் செய்யுங்க, பழைய பெட்டியை மட்டும் வாங்கிராதீங்க." சொல்பவர் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தவராக இருக்கலாம், யூடியூபில் பார்த்தவராக இருக்கலாம், புதுப் பெட்டி விற்பவராகவே இருக்கலாம். ஏன் என்று கேட்டால் "நோய் வரும்" என்பார். என்ன நோய், எந்தத் தேனீக்கு வருவது, பெட்டியின் எந்தப் பாகத்தில் ஒளிந்திருக்கிறது, எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்று மேற்கொண்டு கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். இன்னும் சிலர் நோய் வரைக்கும்கூடப் போகமாட்டார்கள். "கூட்டம் ஓடிப்போன பெட்டி, ராசியில்லாதது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இந்தப் புத்திமதி முழுப் பொய் இல்லை. அது எங்கே சரி என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் பரவை, சமயநல்லூர், துவரிமான், சோழவந்தான் என்று வைகையை ஒட்டிக் கிடக்கும் தென்னந்தோப்புகளில் இந்தியத் தேனீயை ஒன்றிரண்டு பெட்டியில் வைத்துத் தொடங்க நினைப்பவருக்கு இது பொருந்தவே பொருந்தாது. பயப்பட வேண்டியதைக் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்து, வெறும் பலகையைப் பார்த்து நடுங்கச் சொல்கிறது. செலவு கூடுவது ஒரு பக்கம். அதைவிட மோசம், புதுப் பெட்டி வாங்கிவிட்டோம், இனி நோய் வராது என்ற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் பலருடைய முதல் கூட்டம் போகிறது.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உண்மையான ஒரு நோயில்தான் போய் நிற்கும். அமெரிக்கன் ஃபவுல் புரூட் என்பது தேனீப் புழுக்களை அழுக வைக்கும் பாக்டீரியா நோய். அந்தப் பாக்டீரியா தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைத்துகள் போல உறங்கும். மெழுகிலும் தேனிலும் மரத்திலும் முப்பது நாற்பது ஆண்டுகள்கூட அப்படியே கிடந்து, மறுபடி புழுவின் வயிற்றுக்குள் போனால் விழித்துக்கொள்ளும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்ட தேனீப் புத்தகம் எதை எடுத்தாலும், பழைய கருவிகள் பற்றிய பக்கத்தில் இந்த எச்சரிக்கை இருக்கும். அவர்கள் எழுதியதில் தவறில்லை. அவர்கள் வளர்ப்பது மேற்கத்தியத் தேனீ, நாம் இத்தாலியத் தேனீ என்று சொல்லும் இனம். அந்த இனத்துக்கு இந்த நோய் எமன்.

சரி, அந்தப் புத்தகங்களையே சாட்சிக்கு அழைப்போம். பிரிட்டனில் இந்த நோய் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தேனீ ஆய்வாளர் வருவார். கூட்டத்தைக் கொன்று, குழி வெட்டி, தேனீக்களையும் அடைகளையும் அடையைத் தாங்கும் மரச் சட்டங்களையும் அதில் போட்டு எரித்து மூடுவார்கள். பெட்டியை என்ன செய்வார்கள்? பலகை உறுதியாக இருந்தால் உள்ளே ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுத்து, ஊதுவிளக்கால் மூலை முடுக்கெல்லாம் கருக்கி, திரும்பப் பயன்படுத்த விடுகிறார்கள். இந்த நோயைச் சட்டம் போட்டு விரட்டும் நாட்டிலேயே, நோய் வந்து செத்த கூட்டத்தின் பெட்டிக்கு மறுவாழ்வு உண்டு. நம் ஊரில் எறும்புக்குப் பயந்து பறந்துபோன கூட்டத்தின் பெட்டி தீட்டுப் பட்டதாகிவிடுகிறது.

இந்தியத் தேனீயிடம் ஃபவுல் புரூட் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஐரோப்பியன் ஃபவுல் புரூட் என்கிற அதன் பங்காளி 1970களின் தொடக்கத்திலேயே மகாராஷ்டிரத்தில் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பதிவாகியிருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் பெட்டிகளைக் காலி செய்தது இந்த இரண்டும் இல்லை. நம்மைப் பிடித்தாட்டியது வேறு ஒன்று.

1991, 92இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் அது. 1976இல் தாய்லாந்தில் கண்டெடுக்கப்பட்டது, 1978இல் நம் வடகிழக்கு மாநிலங்களில் தலைகாட்டியது, 1991இல் தென்னிந்தியாவுக்கு இறங்கியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பத்துக்கு ஒன்பது கூட்டங்களுக்கு மேல் போயின. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. காலத்திலிருந்து, அதாவது 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் கிராமத்தாருக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து, ரப்பர்த் தோட்டத்தை நம்பி வளர்ந்த தொழில் ஒன்றிரண்டு வருடத்தில் தரைமட்டமானது. புழு கூட்டுப்புழுவாக மாறுமுன்பே தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். ஊசியால் வெளியே எடுத்தால் தண்ணீர் கட்டிய பை போல வரும்.

பழைய பெட்டியை எதிர்ப்பவர்கள் இந்த வரலாற்றைத்தான் கடைசி அஸ்திரமாக எடுப்பார்கள். எடுக்கட்டும், அது அவர்கள் மேலேயே திரும்பும். வைரஸுக்கு ஃபவுல் புரூட்போல ஓடு கட்டிக்கொண்டு உறங்கத் தெரியாது. அதற்கு உயிருள்ள புழு வேண்டும், புழுவுக்கு ஊட்டும் தாதித் தேனீ வேண்டும். காய்ந்துபோன புழுவிலும் தேனிலும் சில வாரங்களுக்குள் அதன் வீரியம் போய்விடும். ஆறு மாதம் மொட்டை மாடியில் கிடந்த காலிப் பெட்டியில் தாய் சாக்புரூட் உட்கார்ந்திருக்கிறது என்பது பேய்க்கதை. வரோவா உண்ணியும் அப்படித்தான். தேனீ இல்லாத பெட்டியில் அது நாள் கணக்கில்தான் தாங்கும்.

அப்படியானால் இந்த நோய்கள் ஊர்விட்டு ஊர் எதில் வருகின்றன? கூட்டத்தோடு வருகின்றன, அடையோடு வருகின்றன. புதுப் பெட்டிக் கட்சிக்காரர்கள் சொல்லாமல் விடுவது இங்கேதான் இருக்கிறது. பெயிண்ட் வாசனை போகாத புதுப் பெட்டியைக் "கூட்டத்தோடு சேர்த்து" வாங்கிவந்து தோப்பில் இறக்கும் ஒருவர், மூடியைத் திறந்து உள்ளே பார்க்கட்டும். நாலைந்து சட்டங்களில் பழுப்பேறிய அடை இருக்கும். அந்த அடை எந்த ஊரில், எந்தத் தோட்டத்தில், எத்தனை தலைமுறைப் புழு வளர்ந்த அடை என்று விற்றவருக்கே தெரியாது. நோய் தங்குவது அங்கே. மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடுவது அங்கே. பூச்சிமருந்து படிவதும் அங்கேதான். மரம் புதிது, உள்ளே இருப்பது பழையது. இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற கைதான், அடையெல்லாம் கழற்றி எறிந்துவிட்ட வெறும் பழைய பெட்டியைத் தொடக் கூசுகிறது.

ஓடிப்போன கூட்டம் என்ற பழிக்கு வருவோம். இந்தியத் தேனீயின் சுபாவமே அது. இத்தாலியத் தேனீபோலச் சொன்ன இடத்தில் கிடக்காது. பசி வந்தால் போகும், எறும்பு ஏறினால் போகும், தினமும் பெட்டியைத் திறந்து நோண்டினால் போகும், பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடித்தால் செத்தது போக மிச்சம் போகும். பரவையில் மதுரைக்கே காய்கறி இறங்கும் மொத்தச் சந்தை இருக்கிறது. அந்தச் சந்தைக்குக் காய் போடும் வெண்டை, பாகல், புடலைத் தோட்டங்கள் நாலா பக்கமும் உண்டு. காலையில் பூ விரியும் நேரத்தில் அங்கே மருந்தடித்தால் அன்று சாயங்காலம் பெட்டி வாசலில் தேனீ சுருண்டு கிடக்கும். பெட்டிக்காரர் எறும்புத் தடுப்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றியதைக் கவனிக்கவில்லை, பூ இல்லாத மாதத்தில் சர்க்கரைப் பாகு வைக்கவில்லை. பழியை மட்டும் பலகைமேல் போட்டுவிடுகிறார்.

கூட்டம் மெலிந்தால் அடுத்து வருவது மெழுகு அந்துப்பூச்சி. பலர் இதையும் பெட்டி நோயாக எண்ணுகிறார்கள். பலமான கூட்டம் இதன் புழுவை வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடும். மெலிந்த கூட்டத்தால் முடியாது. தேனீ உட்காராத அடையில் முட்டை பொரிந்து, புழு அடையைத் துளைத்துக்கொண்டே போய், வழியெல்லாம் நூலாம்படை கட்டி, கருப்பு மிளகுத்தூள்போல எச்சம் போட்டு வைக்கும். கடைசியில் கூடு கட்டுவதற்காக மரத்தையே கொறித்துத் தோணி வடிவில் குழி பறிக்கும். பழைய பெட்டியின் உள்சுவரில் வரிவரியாகத் தோணிக் குழி தெரிந்தால் பதறத் தேவையில்லை. பெட்டி கெட்டதற்கு அது அடையாளமாகாது. அங்கே இருந்த கூட்டம் கடைசி நாட்களில் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதைத்தான் அது சொல்கிறது.

அரசுத் திட்டங்களால் இந்தக் காலிப் பெட்டிகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கதர் கிராமத் தொழில் ஆணையம் 2017-18இல் ஹனி மிஷன் தொடங்கி ஆளுக்குப் பத்துப் பெட்டி கொடுத்தது. 2020இல் மத்திய அரசு தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கத்துக்கு 500 கோடி ரூபாய் அறிவித்தது. தோட்டக்கலைத் துறையிலும் மானியப் பெட்டி உண்டு. கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் கணக்கு முழுவதும் எத்தனை பெட்டி கொடுத்தோம் என்பதிலேயே நிற்கிறது. கூட்டம் போன பிறகு அந்தப் பெட்டி மாட்டுக்கொட்டகை மூலையில் கோழி முட்டையிடவும், மொட்டை மாடியில் துணிக்கிளிப் போட்டு வைக்கவும் உதவிக்கொண்டிருக்கிறது. அதே தெருவில் இன்னொருவர் புதுப் பெட்டிக்கு முன்பணம் கட்டிக் காத்திருக்கிறார்.

இனி, எந்தப் பழைய பெட்டியை எடுப்பது, எதைத் தள்ளுவது. நோய்ப் பயத்தில் இந்தக் கேள்வியையே யாரும் கேட்பதில்லை. பழைய பெட்டியில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் அளவு.

தென்னாட்டில் புழக்கத்தில் இருக்கும் சின்னப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் 1911 முதல் 1917 வரை தென்னிந்தியக் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்புக் கற்றுக்கொடுத்தபோது நம் தேனீயின் சின்னக் குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி வடிவமைத்தது. புழு அறையில் ஏழு சட்டம். ஒரு சட்டத்தின் உள்ளளவு சுமார் 20.6 சென்டிமீட்டர் நீளம், 14.4 உயரம். மேலே வைக்கும் தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் மட்டும் 6.2. இதைவிடப் பெரிய ஐ.எஸ்.ஐ. 'ஏ' வகைப் பெட்டி உண்டு, மார்த்தாண்டம் பெட்டி தனி. இத்தாலியத் தேனீக்கான லாங்ஸ்ட்ராத் சட்டம் 448 மில்லிமீட்டர் நீளம். நம் தேனீயை அதில் குடிவைப்பது புதுமணத் தம்பதியைக் கல்யாண மண்டபத்திலேயே தனிக்குடித்தனம் வைப்பது மாதிரி.

அளவுக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டும்? தேனீ நடமாட விடும் இடைவெளி ஏழெட்டு மில்லிமீட்டர். 1851இல் லாங்ஸ்ட்ராத் கண்டுகொண்டது இதைத்தான். நவீனத் தேனீப் பெட்டி அத்தனையும் இந்த ஒரு இடைவெளியின்மேல்தான் நிற்கிறது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே இதைவிட அதிகம் விட்டால் அங்கே குறுக்கு அடை கட்டிவிடும், குறைத்தால் இரண்டையும் மெழுகால் ஒட்டிவிடும். இரண்டில் எது நடந்தாலும் சட்டத்தைத் தூக்கும்போது அடை கிழியும், புழு நசுங்கும், தேன் வழியும், வழிந்த தேனுக்கு எறும்பு வரும். மூன்று தடவை இப்படி ஆனால் கூட்டம் கிளம்பிவிடும். அப்புறம் ராசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே சட்டைப் பையில் அளவு நாடா போட்டுக்கொண்டு போங்கள். ஏழு சட்டத்தையும் உள்ளே இறக்கி, இரு பக்கச் சுவரிலும் அடியிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். பல கைமாறிய பெட்டியில் நாலு வகைச் சட்டம் கலந்திருக்கும், ஒன்று தொங்கும், ஒன்று இடிக்கும். சட்டம் மாற்றிக்கொள்ளக்கூடியது, உள்ளூர்த் தச்சரிடம் ஒரு நல்ல சட்டத்தை மாதிரி கொடுத்தால் மிச்சத்தைச் செய்துவிடுவார். புழு அறையே அளவு பிசகி இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் குறை புதுப் பெட்டியிலும் உண்டு. பார்த்து அடித்த பெட்டியைப் பார்த்து இன்னொருவர் அடித்து, அதைப் பார்த்து மூன்றாமவர் அடித்து, இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று நழுவிய புதுப் பெட்டிகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கின்றன. புதிது என்பதால் யாரும் அவற்றை அளந்து பார்ப்பதில்லை.

அடுத்தது மூக்கு. மூடியைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மெழுகு வாசம், லேசான புகை வாசம், தூசி, எல்லாம் சரி. யூரியா மூட்டை வைத்த வாடையோ, பூச்சிமருந்து டப்பா வைத்த நெடியோ வந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். கரையானுக்குப் பயந்து உள்ளேயும் கழிவு ஆயில் பூசியிருப்பார்கள், அதுவும் வேண்டாம். வெளியே பூசியிருந்தால் பாதகமில்லை, நாள்பட நெடி போய்விடும்.

பிறகு மரம். நாலு மூலையையும் பிடித்து முறுக்குங்கள். ஆடக்கூடாது. முதலில் கெடுவது அடிப்பலகைதான், மழைத்தண்ணீர் தங்கி நைந்திருக்கும். கட்டைவிரல் நகம் உள்ளே இறங்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தட்டினால் மாவு உதிர்கிறதா, ஊசித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரப்பர் மரப் பெட்டியில் உளு சீக்கிரம் விழும். தேன் அறை பெரும்பாலும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும், ஏனென்றால் சமவெளியில் பல கூட்டங்கள் அதுவரை ஏறுவதற்குள்ளேயே கதை முடிந்திருக்கும். இன்னொன்றும் உண்டு. ஈரம் காயாத பலகையில் அடித்த புதுப் பெட்டி முதல் கத்திரி வெயிலிலேயே நெளிந்து மூலை விலகும். ஐந்து கோடை பார்த்து இன்னும் நேராக நிற்கிற பழைய பெட்டி, நெளிய வேண்டியதெல்லாம் நெளிந்து முடித்தது.

விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "அண்ணே, கூட்டம் பறந்து போச்சா, உள்ளேயே செத்துப் போச்சா?" பறந்துபோனது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. உள்ளேயே புழு செத்து நாறியது, அதுவும் சமீபத்தில் என்றால், அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அடை இன்னும் ஒட்டியிருந்தால் ஒன்றை எடுத்து வெயிலுக்கு எதிரே சாய்த்துப் பிடியுங்கள். அறைகளின் கீழ்ச்சுவரில் கருப்புப் பொருக்குத் தெரிந்தால் குண்டூசியால் நெம்பிப் பாருங்கள். எளிதாகக் கழன்று வருவது ஒரு ரகம். பசை போட்ட மாதிரிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தால் அது அமெரிக்கன் ஃபவுல் புரூட்டின் குறி.

நான் எதிர்க்கும் புத்திமதி சரியாகும் இடம் அதுதான். அப்படிப்பட்ட பெட்டியைத் தொடக்கக்காரர் தொடவே கூடாது. வட மாநிலங்களில் இத்தாலியத் தேனீ வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவர்களின் பழைய லாங்ஸ்ட்ராத் பெட்டிகள் அடையோடு மலிவாக வருகின்றன என்றால், அந்த மலிவுக்குக் காரணம் இருக்கும். அங்கே சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம். ஆனால் அந்தச் சந்தேகத்தைக் கொண்டுவந்து சோழவந்தான் தோப்பில் காலியாய்க் கிடக்கும் நியூட்டன் பெட்டிமேல் ஏற்றுவது நியாயமில்லை.

வாங்கிய பெட்டியைச் சுத்தம் செய்வதைப் பற்றியும் ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். அவற்றில் பாதி, பெட்டியைக் கெடுக்கும் வைத்தியம். வேப்பெண்ணெய் தடவு என்பார்கள். வேம்பின் கசப்புச் சத்து பூச்சிப் புழுக்களின் வளர்ச்சியைத் தடுப்பது. தேனீயும் பூச்சிதான், அதன் குஞ்சும் புழுதான் என்பதை மறந்துவிட்டு அது வாழும் அறைக்குள்ளேயே அதைப் பூசுவார்கள். பீரோவில் போடும் பூச்சி உருண்டையைப் போட்டு வைப்பவர்கள் உண்டு. அந்த நெடியை மெழுகு உறிஞ்சிக்கொள்ளும், பிறகு தேனுக்கும் ஏறும். டெட்டால் ஊற்றிக் கழுவியவர்களையும் பார்க்கலாம். மருத்துவமனை வாடை அடிக்கும் வீட்டில் தேனீ குடியேறாது.

"வெயில்ல காயப்போட்டாப் போதும்" என்பது இவற்றில் பாதி உண்மை. மெழுகு அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் 46 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் செத்துவிடும். மதுரைக் கத்திரியில் நிழலிலேயே 40 டிகிரி தொடுகிறது. அடையில்லாத காலிப் பெட்டியைக் கருப்புப் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றி மொட்டை மாடித் தளத்தில் ஒரு நாள் முழுக்க வைத்தால் உள்ளே அந்தச் சூடு வந்துவிடும். அந்துப்பூச்சிக்கு அது போதும். ஃபவுல் புரூட் துகளை இந்தச் சூடு ஒன்றும் செய்யாது. அதற்கு நெருப்பே வேண்டும்.

உண்மையான வேலை இப்படி. முதலில் எல்லா அடையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள், எவ்வளவு அழகான அடையாக இருந்தாலும் சரி. மெழுகை உருக்கி வடிகட்டி மெழுகுவர்த்திக்கோ வேறெதற்கோ கொடுங்கள், கூட்டத்துக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். கீழே செய்தித்தாள் விரித்துக்கொண்டு, பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டால் உட்புறத்தைச் சுரண்டுங்கள். சட்டம் உட்காரும் பள்ளம், பலகைகள் சேரும் மூலை, ஆணித் தலை ஆகிய இடங்களில்தான் அழுக்கும் அந்துக்கூடும் இருக்கும். நம் தேனீ பிசின் அதிகம் கொண்டுவந்து பூசுவதில்லை, அதனால் இத்தாலியத் தேனீப் பெட்டியைச் சுரண்டுவதில் பாதிப் பாடுகூட இதில் கிடையாது. சுரண்டியதைத் தாளோடு சுருட்டி எரித்துவிட வேண்டும். தோட்டத்தில் கொட்டினால் பக்கத்துத் தேனீ வந்து நக்கும்.

பிறகு சலவைச் சோடா. ஐந்து லிட்டர் சுடுதண்ணீருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, நார்ப் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் இதில் கழன்றுவிடும். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, நன்றாகக் காயவிட வேண்டும். சட்டங்களைக் கழுவுவதா புதிதாகச் செய்வதா என்றால், நான் புதுச் சட்டத்தைத்தான் சொல்வேன். செலவு குறைவு, அளவும் சீராகும். பழைய பெட்டி, புதுச் சட்டம். ஊரில் பலர் செய்வது இதற்கு நேர்த் தலைகீழ்.

காய்ந்த பெட்டியைக் கருக்குவது கடைசி வேலை. பிளம்பரிடமோ வெல்டிங் பட்டறையிலோ புளோ லேம்ப் இருக்கும். கிடைக்காவிட்டால் காய்ந்த தென்னோலையைக் கொத்தாகக் கட்டிக் கொளுத்தி, பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்து உள்ளே காட்டலாம். தோப்பில் அதற்கா பஞ்சம்? மூலைகளில் நெருப்பு நாக்கு நிதானமாகப் பட வேண்டும். மரம் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தால் போதும், கரியாக வேண்டாம். அந்துப்பூச்சி பறித்த தோணிக் குழிகளுக்குள்ளே நெருப்பு போகிறதா என்று பாருங்கள். ஆறியபின் உள்சுவரில் ஒரு துண்டுத் தேன்மெழுகைத் தேய்த்துவிடுங்கள். வெளிப்புறத்துக்கு வெளிர் நிறப் பெயிண்ட் ஒரு கோட் போதும். உள்ளே எதுவும் பூசக்கூடாது.

இவ்வளவு பாடுபட யாருக்கு நேரம், காசைக் கொடுத்துப் புதிதாக வாங்கிவிட்டுப் போகலாமே என்ற கேள்வி வரும். ஒரு பெட்டிக்கு அரை நாள் வேலை இது. அந்த அரை நாளில் பெட்டியின் ஒவ்வொரு பலகையும் பள்ளமும் கைக்குப் பழகிவிடும், தேனீயின் இடைவெளி என்றால் என்ன என்பது பாடமாக இல்லாமல் விரலுக்கே தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. காலிப் பெட்டி வைத்துக் கூட்டம் பிடிப்பவர்களைக் கேளுங்கள், இடம் பார்க்க வரும் வேவுத் தேனீ எந்தப் பெட்டியைச் சுற்றுகிறது என்று சொல்வார்கள். முன்பு தேனீ இருந்து மெழுகு வாசம் ஏறிய பெட்டிக்குத்தான் முதல் மரியாதை. புதுப் பலகை வாசனையும் பெயிண்ட் வாசனையும் போகும்வரை புதுப் பெட்டி காத்துக் கிடக்க வேண்டும்.

மதுரை வேளாண் அறிவியல் மையம் தேனீ வளர்ப்புப் பயிற்சி கொடுக்கிறது, ஒத்தக்கடையில் 1965 முதல் வேளாண் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்கள் கையில் ஒரு காலிப் பழைய பெட்டியைக் கொடுத்து, அளந்து, சுரண்டி, கருக்கிக் காட்டச் சொன்னால் என்ன? மானியத்தில் கொடுத்த பெட்டி எங்கெங்கே காலியாகக் கிடக்கிறது என்ற பட்டியல் தோட்டக்கலைத் துறையிடம் இருந்தாக வேண்டும். அவற்றைத் திரும்பப் பெற்று, சுத்தம் செய்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பாதி விலையில் கொடுப்பதற்கு எந்த மிஷனும் தேவையில்லை. கூட்டத்தோடு கொடுக்கும் பெட்டிகளில் உள்ளே போகும் அடையின் வயசையும் ஊரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், புதுப் பெட்டியின் பெருமையைப் பிறகு பேசலாம்.

அதுவரை, சித்திரை வைகாசியில் வெயில் சும்மா கிடைக்கும்போதே பழைய பெட்டியைச் சுத்தம் செய்து, மூடியைச் சேர்த்துக் கட்டி, பல்லியும் கரப்பானும் புகாமல் வாசலைத் துணியால் அடைத்து வைத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்து தோப்பில் பூ கூடும் நேரத்தில் சுவர்ப் பொந்திலோ மரப் பொந்திலோ ஒரு கூட்டம் அகப்பட்டால், அதன் புழு அடையைப் புதுச் சட்டத்தில் பொருத்தி, வாழை நாரால் கட்டி, உள்ளே இறக்க வேண்டியதுதான். ராணி உள்ளே போய்விட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு நாரைத் தேனீக்களே கடித்து வாசல் வழியாக வெளியே இழுத்துப் போடும்.